நாற்பத்தோராம் எண்ணின் கோடு

மோசுல்
3 பிப்ரவரி 1997

அன்புள்ள அண்ணன் ரஃபித்துக்கு ஷதா எழுதுவது,

இறைவன் கருணையால் நானும் அம்மாவும் நலம். நீ அங்கே நலமா? எல்லைக்கு அந்தப் பக்கம் அம்மான் நகரத்தில் குளிர் அதிகம் என்று, நம் கடிதங்களைக் கொண்டுவரும் ஓட்டுநர் அபூ நூஃபல் சொன்னார். கழுத்தில் துணி சுற்றிக்கொள். இது அம்மா சொன்னது, நான் சொன்னால் நீ கேட்க மாட்டாய்.

அம்மா இந்த வருடம் நோன்பு வைக்கவில்லை. கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். "அவன் தனியா ஒக்காந்து நோன்பு தெறக்குறானா, கூட யாராச்சும் இருக்காங்களா, அத மொதல்ல கேட்டு எழுதுடி" என்று என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கேட்டுவிட்டேன். பெருநாளுக்கு ஒரு டப்பா கிலேச்சாப் பலகாரம் சுட்டு அனுப்பியிருக்கிறேன். பேரீச்சம்பழம் நல்லதாகக் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் எங்களைப் பாடாய்ப் படுத்துகிறது. ஒரு புற்றுநோயாளிக்குக் கதிர் எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டுத் தர உன் புரோகிராமுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. மின்சாரமோ மூன்று மணி நேரம் வரும், மூன்று மணி நேரம் போகும். பாதியில் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கிற நாளில்தான் ஒரு கணக்காவது முடிகிறது. வாரத்துக்கு இரண்டு. பட்டியலில் அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். கதிர் இயந்திரம் சும்மா நிற்கிறது, கணக்குதான் வரவில்லை. கையால் போட்டுக் கொடுத்தால் டாக்டர் ஹிக்மத் கையெழுத்துப் போட மாட்டார். போன வருடம் கைக்கணக்கில் ஒரு தவறு நடந்ததிலிருந்து அவருக்குப் பயம்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் நீ. அதை வேகமாக்க வழி இருந்தால் எழுது. பொருளாதாரத் தடை இருக்கும்வரை புது இயந்திரம் வராது, உனக்குத் தெரியும். வீட்டுத் தொலைபேசி செத்துப் பல மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரித் தொலைபேசியில் வெளிநாட்டுக்குப் பேசினால் நம்மோடு யார் யார் கேட்பார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதனால் கடிதம்தான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அம்மா தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள், கீழே இடம் விட்டிருக்கிறேன்.

உன் தங்கை,
ஷதா

கண்ணு, வேளைக்குச் சாப்பிடு. அம்மா.


அம்மான்
24 பிப்ரவரி 1997

மாண்புமிகு தங்கச்சி மேடம் அவர்களுக்கு,

நான் நலம், குளிரும் நலம். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன், எல்லாரும் எனக்குத் தொண்டை வலி என்று நினைத்து எலுமிச்சை கொடுக்கிறார்கள். அம்மாவிடம் சொல், நோன்பு திறக்க நான்கு பேர் கூட இருந்தார்கள், நான்கு பேரும் சமைக்கத் தெரியாதவர்கள்.

கிலேச்சா வந்தது. என் கடைவாய்ப் பல் போனது. சத்தியமாகச் சொல், அதில் அம்மாவின் கை பட்டதா? அவளை எதற்கு அடுக்களையிலிருந்து துரத்தினாய்? இனிமேல் நீ கணக்கு மட்டும் போடு.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் கம்ப்யூட்டருக்கு வயதாகவில்லை, அதற்கு இடம்தான் போதவில்லை. அம்மா இலைக்குள் அரிசி வைத்துத் தோல்மா சுருட்டும்போது எல்லாச் சாமானும் மேஜையில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் பாத்திரம் நிறைந்துவிடும். மேஜையை நாம் புத்தகம், ரேடியோ, உன் துணி என்று அடைத்து வைத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு வெங்காயத்துக்கும் அவள் நிலவறைக்கு இறங்கி ஏற வேண்டும். மேஜைதான் நினைவகம். நிலவறை, அந்தக் கறக் கறக் என்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க். என் புரோகிராம் ஐந்து மணி நேரமும் கணக்குப் போடவில்லை, படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

எனவே இரண்டு காரியம். ஒன்று, அபூ நூஃபலிடம் தேயிலைப் பொட்டலத்துக்குள் நினைவகத் துண்டுகள் நான்கு வைத்து அனுப்புகிறேன், விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு, கூடவே ஒரு தாளில் நீ தட்ட வேண்டிய எண்களை எழுதியிருக்கிறேன். தட்டிப் பார்த்து, எது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எழுது.

பதில் தாமதமானதற்கு மன்னிப்பு. பெருநாள் விடுமுறை, பிறகு சோம்பல். அறுபத்திரண்டு பேருக்கும் என் துஆ.

அன்புடன்,
பல் இழந்த அண்ணன்


மோசுல்
5 மார்ச் 1997

அன்புள்ள அண்ணா,

ஸலாம். நாங்கள் நலம். உன் பல்லுக்காக வருந்துகிறேன், கொஞ்சமாக.

துண்டுகள் வந்து சேரவில்லை. எல்லையில் தேயிலையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதைவிட உன் எண் தாள்தான் பெரிய வம்பாகிவிட்டது. எண்ணும் எழுத்தும் கலந்து வரிசை வரிசையாக இருந்தால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்? அபூ நூஃபலை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, "இது யாருக்குப் போற சங்கேதம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர், "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுய்யா, பொஞ்சாதிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துன்னு நெனச்சேன்" என்று தப்பித்து வந்தார். என்னிடம் வந்ததும், "தாயி, உங்க அண்ணங்கிட்ட சொல்லு. இனிமே எண்ணு கிண்ணு எதுவும் வேணாம். எழுதுறதா இருந்தா மனுசன் படிக்கிற மாதிரி எழுதச் சொல்லு" என்றார். உன் கடிதத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

ஆகவே எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதுகிறேன். உன் தாள் இல்லாமல், எனக்குத் தெரிந்த கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். மொத்த மேஜை அறுநூற்று நாற்பது கிலோபைட். உன் புரோகிராம் வந்து உட்காரும்போது மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூறு. மவுஸ், நாள்காட்டி, யாரோ ஏற்றி வைத்த ஒரு கடிகாரம், பிரிண்டருக்கு ஒன்று, அரபு எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு ஒன்று என்று எல்லாம் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. அரபு எழுத்து மட்டும் தொண்ணூறு எடுத்துக்கொள்கிறது.

இதைப் படித்ததும் பதில் எழுது அண்ணா. இந்த முறை பெருநாள் எதுவும் குறுக்கே இல்லை.

ஷதா


அம்மான்
12 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்கள் நலம் என்று நீ எழுதுகிறாய், அம்மா எழுதவில்லையே? போன கடிதத்தில் "சாப்பிடு" இல்லை. அது இல்லாமல் எனக்குப் பசியே எடுப்பதில்லை என்று சொல்.

அபூ நூஃபலுக்கு என் மன்னிப்பு. அவருக்கு ஒரு பெட்டி சிகரெட் கொடுத்தனுப்புகிறேன், எண் எதுவும் எழுதாத பெட்டி.

செய்ய வேண்டியது இதுதான். கடிகாரத்தையும் நாள்காட்டியையும் தூக்கிப் போடு, உன் சுவரில் ஒரு கடிகாரம் தொங்குகிறது அல்லவா? மவுஸையும் பிரிண்டரையும் மேல்பரணுக்கு, அதாவது நினைவகத்தில் காலியாகக் கிடக்கும் மேல்பகுதிக்கு ஏற்றலாம், எந்த வரிசையில் ஏற்றுவது என்று பின்பக்கம் சொல்லாக எழுதியிருக்கிறேன். பெரியதை முதலில் ஏற்று, சிறியதைப் பிறகு ஏற்று. மாற்றினால் இடம் இருந்தும் நுழையாது.

கடைசியாக அரபு எழுத்து. அதையும் எடுத்துவிடு. உனக்கு மனசு வராது, எனக்கும் வரவில்லை, முதன்முதலில் நோயாளிகளின் பெயர்கள் நம் எழுத்திலேயே திரையில் வந்தபோது டாக்டர் ஹிக்மத் எழுந்து நின்று கைதட்டினார். ஆனால் பெயர் தெரிவதற்காகத் தொண்ணூறு கொடுப்பது ஊதாரித்தனம். பெயருக்குப் பதில் பட்டியல் எண்ணைப் போடு. கதிருக்கு யார் பெயரும் தெரிய வேண்டியதில்லை.

என்ன ஆயிற்று என்று எழுது.

அண்ணன்


மோசுல்
20 மார்ச் 1997
(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை)

ரஃபித்,

அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. ஜனவரியிலேயே அவளுக்குத் தெரியும், நோன்பு முடியட்டும் என்று என்னிடம்கூட மறைத்தாள். நான்தான் அவள் சட்டை மாற்றும்போது பார்த்தேன். பிப்ரவரி முதல் தேதி புதுப் பட்டியல் போட்டபோது அவளையும் சேர்த்தேன். நாற்பத்தோராம் எண். டாக்டர் ஹிக்மத், "முன்னாடி போட்டுக்கலாம்மா, நம்ம ரஃபித்தோட அம்மா" என்றார். அம்மா கேட்கவே இல்லை. "எனக்கு முன்னாடி இருக்குற நாப்பது பேரும் யாரு? அவங்களும் யாரோ பெத்த புள்ளைங்கதான. வரிசையில நிக்கிறேன்" என்றுவிட்டாள்.

உனக்குச் சொல்லக்கூடாது என்று குரான் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "சொன்னேன்னா அவன் கெளம்பி வந்துருவான். வேற ஆளு பேர்ல பாஸ்போர்ட்டு வாங்கிப் போனவன, எல்லையில என்ன பண்ணுவாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? எனக்கு ஒடம்புல ஒரு நோவு போதும்." நான் என்ன செய்வேன்? அவள் சொல்வது சரிதான். நீ வந்துவிடுவாய். வந்தால் வாசல் வரைகூட வந்து சேர மாட்டாய்.

இன்று அரபு எழுத்தை எடுத்துவிட்டேன். திரையில் "உம் ரஃபித்" என்று இருந்த இடத்தில் இப்போது நாற்பத்தொன்று என்று இருக்கிறது. ஊரே அவளை ரஃபித்தின் அம்மா என்று உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது, பட்டியலிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். எடுத்ததும் ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இனி உனக்கு எதை அனுப்பினாலும் அது அவளுடையது என்று தெரியாது.

கதிர்க் கணக்குக்காக அவள் மார்பைச் சுற்றி ஈயக்கம்பியை வளைத்து, அந்த வடிவத்தைத் தாளில் கோடாக எடுத்தேன். இடது பக்கம் விலாவில் ஒரு குழி. நீ ஆறு வயதில் மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டே பின்னால் நடந்து விளிம்புக்குப் போனாயே, ஓடிவந்து உன்னை உள்ளே தள்ளிவிட்டு அவள் கீழே விழுந்தாளே, அந்தக் குழி. கம்பியை அதில் அழுத்தும்போது, "கூசுதுடி" என்று சிரித்தாள்.

இதை அனுப்ப மாட்டேன். புரோகிராமைச் சோதித்துப் பார்க்க ஒரு நோயாளியின் கோட்டை அனுப்புவதாக நாளைக்கு உனக்கு எழுதப்போகிறேன். யாருடையதை அனுப்புவது? அவளுடையதையே அனுப்புகிறேன். பெயர் இல்லாமலாவது உன் வீட்டுக்கு வந்து இருக்கட்டும்.


மோசுல்
21 மார்ச் 1997

அன்புள்ள அண்ணா,

ஸலாம். நலம். அம்மாவுக்கு விரல் வலி, அதனால் எழுதவில்லை. வாயால் சொல்கிறாள், சாப்பிடு.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். ஐந்து மணி நேரம் மூன்று மணி பத்து நிமிடம் ஆகிவிட்டது. மின்சாரம் இருப்பது மூன்று மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் போகிறது. நேற்று திரையில் தொண்ணூற்றாறு சதவீதம் என்று வந்தபோது விளக்கு அணைந்தது. நான் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஹார்டு டிஸ்க் சத்தம் போடுகிறது. எனவே தவறு மேஜையில் மட்டும் இல்லை, புரோகிராமுக்குள்ளேயும் இருக்கிறது. உன்னிடம் அதன் பிரதி இருக்கிறது அல்லவா? ஒரு நோயாளியின் உடம்புக் கோட்டை நான்காக மடித்து வைத்திருக்கிறேன், அளவுகள் சொல்லாக எழுதியிருக்கின்றன. நாற்பத்தோராம் எண். இதைப் போட்டு ஓட்டிப் பார், எங்கே இடம் வீணாகிறது என்று கண்டுபிடி.

இன்று வரை பதின்மூன்று பேருக்குத்தான் கணக்கு முடிந்திருக்கிறது. பட்டியல் நீளம். சீக்கிரம் அண்ணா. நான் உன்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

ஷதா


அம்மான்
19 ஏப்ரல் 1997

என் அருமைத் தங்கைக்கும் அம்மாவுக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து,

நான் நலம். திட்டாதே, முதலில் முழுவதும் படி. பிறகு திட்டு.

தவறைக் கண்டுபிடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் உன் கடிதம் வந்த இரண்டாம் நாளே, அந்தச் செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்தேன். அழகாகப் படி எடுத்து அனுப்பலாம் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். அப்புறம் ஆபீசில் ஒரு வேலை, அப்புறம் நண்பர்கள் அகபா கடற்கரைக்கு இழுத்துப் போனார்கள். மீன் பொரித்துச் சாப்பிட்டோம், தோள் எல்லாம் வெயிலில் உரிந்துபோயிற்று. இழுப்பறை அப்படியே மூடிக் கிடந்தது. சரி, இத்தனை வருடம் ஊர்ந்த கம்ப்யூட்டர், இன்னும் சில நாள் ஊர்ந்தால் என்ன?

தவறு வேறு யாருடையதும் இல்லை, உன் மேதை அண்ணனுடையதுதான். கணக்கு உடம்பின் மூன்று குறுக்குவெட்டுக்குத்தான், ஆனால் நான் பன்னிரண்டுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் வராத சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாற்காலியில் சால்வை போட்டு வைப்பார்களே, அதுபோல. போதாததற்கு, முடிந்த வெட்டுக்கான இடத்தையும் திருப்பிக் கொடுப்பதில்லை. எழுதும்போது நினைவகத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன். தேவையானதை மட்டும் எடு, முடிந்ததும் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். பதினொரு வரி. தனித்தாளில் சொல்லாக எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, நாற்பத்தொன்றின் கோடு. மேடம், கம்பியை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடது பக்கம் விலாவில் நழுவவிட்டிருக்கிறாய், பெரிய குழி விழுந்திருக்கிறது. மனித உடம்பு அப்படி இருக்காது. நான் சிவப்புப் பென்சிலால் நேராக்கிவிட்டேன், நீயும் அங்கே திருத்திக்கொள். கட்டி குறித்திருக்கும் அளவைப் பார்த்தால் நாற்பத்தொன்று ரொம்ப நாள் தாங்காது போலிருக்கிறது. சோதனைக்கு நல்லதாக ஓர் ஆளை எடுத்திருக்கலாம்.

அம்மாவின் விரல் எப்படி?

உன் அண்ணன்


மோசுல்
29 ஏப்ரல் 1997

அன்புள்ள அண்ணா,

ஸலாம்.

பதினொரு வரியையும் இருபத்திரண்டாம் தேதி தட்டினேன். இரண்டு முறை தப்பு வந்தது, மூன்றாம் முறை ஓடியது. ஹார்டு டிஸ்க் சத்தமே இல்லை. டாக்டர் ஹிக்மத் எட்டிப் பார்த்து, "என்னம்மா, நின்னுபோச்சா?" என்றார். "இல்ல டாக்டர், முடிஞ்சிருச்சு." "எப்படிம்மா முடியும்? நான் இன்னும் டீயே குடிச்சு முடிக்கல." முப்பத்தைந்து நிமிடம். அவர் திரைக்குப் பக்கத்தில் நின்று அழுதார். அன்றிலிருந்து நாளைக்கு ஐந்து கணக்கு முடிகிறது. இருபத்து நான்கில் நின்ற பட்டியல் நான்கே வேலை நாளில் நாற்பத்தொன்றைத் தொட்டுவிட்டது. வராந்தாவில் காத்திருப்பவர்கள் யார் என்றே தெரியாமல் உனக்கு துஆ செய்கிறார்கள்.

நாற்பத்தோராம் எண்ணின் முறை சனிக்கிழமை வந்தது. டாக்டர் மறுபடி பரிசோதித்தார். எலும்புக்குப் போய்விட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் என்றால் முழுச் சிகிச்சை கொடுத்திருக்கலாம் என்றார். இப்போது வலி குறைய மட்டும் ஐந்து முறை.

கம்பி நழுவவில்லை அண்ணா. அந்தக் குழி உண்மையானது. இரண்டு விலா எலும்பு உடைந்து உள்நோக்கிக் கூடியதால் விழுந்த குழி, இருபத்தெட்டு வருடத்துப் பழையது. நீ சொன்னபடி நேராக்க என்னால் முடியவில்லை. இருப்பதை இருக்கிறபடியே வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

ஷதா


அம்மான்
1 மே 1997

ஷதா, நாற்பத்தொன்று யார்?

அபூ நூஃபல் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கிறார். கதவருகே நின்றுகொண்டு எழுதுகிறேன். பெயரை எழுது. அதே வண்டியில் பதில் அனுப்பு.

ரஃபித்


மோசுல்
4 மே 1997

அண்ணா,

உனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் நான் செய்த சத்தியத்தை மீறவில்லை, பெயரை இப்போதும் நான் எழுதவில்லை. உடைந்த விலாவைப் பற்றி எழுதினால் உனக்குத் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

என்னைத் திட்டு. கண்ணால் பார்க்காதவனிடம், காரணமும் சொல்லாமல், சீக்கிரம் சீக்கிரம் என்று எழுதினால் அவன் எப்படி அவசரப்படுவான்? அகபாவுக்கு நீ போனது தவறில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் படித்தபோது பக்கத்து அறையில் அம்மா முனகிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் உன்னை வெறுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

மூன்று முறை கதிர் கொடுத்தாயிற்று. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. படுத்துக்கொண்டே சாப்பிடுகிறாள். நேற்று கதிர் அறை வாசலில் என்னிடம் கேட்டாள். "இந்தக் கம்ப்யூட்டர நம்ம ரஃபித் தான ஓட வச்சான்?" ஆமாம் என்றேன். "அங்கேருந்தேவா?" ஆமாம் என்றேன். பக்கத்தில் காத்திருந்த பெண்ணிடம் திரும்பி, "எம் புள்ள பண்ணது. நீங்க இன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம், முன்ன மாதிரி ஒக்காந்து கெடக்க வேணாம்" என்று பெருமை பேசினாள். அந்தப் பெண் நாற்பத்து நான்காம் எண். அவளுக்கு முழுச் சிகிச்சை, டாக்டர் பிழைத்துவிடுவாள் என்கிறார்.

வராதே. இதை ஆயிரம் முறை எழுதியதாக எடுத்துக்கொள். டாக்டர் சொல்வது இரண்டு மாதம், அதிகம் போனால் மூன்று. அந்த நாட்களில் அவள் உன்னைப் பற்றிக் கேட்டால், அம்மானில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு இருக்கிறான் என்று நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.

உனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியக்கூடாது.

ஷதா


அம்மான்
8 மே 1997

ஷதா,

கணக்குப் போட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மார்ச் இருபத்தைந்து, செவ்வாய். அன்றைக்குப் பதினொரு வரியும் என் கையில் இருந்தன. இருபத்தேழாம் தேதி அபூ நூஃபல் வண்டி கிளம்பியது, அவர் ஏதாவது உண்டா என்று வாசலில் வந்து கேட்டார். "இல்ல மாமா, அடுத்த தடவை" என்றேன். கொடுத்திருந்தால் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலையில் நீ தட்டியிருப்பாய். அப்போது பட்டியல் பதினைந்தில் நின்றிருக்கும். நாளைக்கு ஐந்து என்றால் ஆறாவது நாள் நாற்பத்தொன்று. ஏப்ரல் மூன்று, வியாழக்கிழமை. அன்று நான் அகபாவில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். பத்து முறை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் அதே வியாழக்கிழமைதான் வருகிறது.

நேற்றுப் பையை எடுத்துக்கொண்டு வண்டி நிலையத்துக்குப் போனேன். அபூ நூஃபல் பின்கதவைத் திறக்கவே இல்லை. "ஒன்ன ஏத்திக்கிட்டுப் போய் அங்கே எறக்கிவிட்டா, ஒங்கம்மா மூஞ்சில நான் எப்படிப்பா முழிப்பேன்? அவ கும்பிட்டுக் கேட்டிருக்கா எங்கிட்ட" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. அவரோடு சண்டை போட்டேன், சட்டையைப் பிடித்தேன். அவர் அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி போய்விட்டது. பையோடு அறைக்குத் திரும்பினேன்.

கோடு என் சுவரில் இருக்கிறது. சிவப்பை அழிக்கப் பார்த்தேன். அந்தப் பென்சில் சரியாக அழியவில்லை, தேய்க்கத் தேய்க்கத் தாள் மெலிந்துகொண்டே போகிறது. குழி இருக்கும் இடத்தில் கிழிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். வழக்கம்போல எழுதியிருக்கிறேன். அதை அவளுக்குப் படித்துக் காட்டு. படிக்கும்போது உன் குரல் உடையக்கூடாது, நான் எழுதும்போது எப்படி எழுதினேன் என்று நினைத்துக்கொள்.

ரஃபித்


அம்மான்
8 மே 1997

என் அன்பு அம்மாவுக்கு ரஃபித்தின் முத்தங்கள்,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று தெரியும், விரல் வலி மட்டும் என்று ஷதா எழுதியிருந்தாள். விரலைச் சாக்கு வைத்து எனக்கு எழுதாமல் ஏமாற்றாதே.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதாம். ஷதா உன்னிடம் தன்னால்தான் ஓடுகிறது என்று சொல்லியிருப்பாள், நம்பாதே. எல்லாம் உன் மகன் செய்தது. பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போகட்டும் என்று நீயும் கேட்டுக்கொள், நீ கேட்டால் நடக்கும்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை அம்மா, கழுத்தில் துணி சுற்றியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நோன்புப் பெருநாள் கிலேச்சாவில் என் பல் போனது உனக்குத் தெரியுமா? அடுத்த பெருநாளுக்கு ஷதாவை அடுக்களைக்குள் விடாதே. நீயே சுட்டு அனுப்பு, நான் காத்திருப்பேன்.

உன் மகன்,
ரஃபித்